தீபாவளிக்குப் பணிப்பெண் ஊருக்குப் போய்விட்டால் படுக்கையில் இருக்கும் அம்மாவை யார் பார்ப்பது?

இதற்குச் சிங்கப்பூரில் தற்காலிகப் பராமரிப்பு இருக்கிறது. வழக்கமாகக் கவனிப்பவர் இல்லாத நாள்களில், பயிற்சி பெற்ற இன்னொருவர் அந்தப் பொறுப்பை ஏற்பது. பாதி வழியில் பேருந்து ஓட்டுநர் மாறுவது போலத்தான், பயணி இறங்க வேண்டியதில்லை.

சில மணி நேரம் போதுமென்றால் வீட்டுக்கே பராமரிப்பாளர் வருவார். பல நாள் என்றால் தாதிமை இல்லத்தில் தங்கவைக்கலாம். இல்லத்தில் சேர்க்க மருத்துவ அறிக்கை தேவை, மானியத்துக்குக் குடும்ப வருமானமும் பார்க்கப்படும். இவற்றுக்கு நாள் பிடிக்கும். பண்டிகைக்கும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பதால், ஒன்றிரண்டு மாதம் முன்பே 1800-650-6060 என்ற எண்ணில், இத்தகைய சேவைகளுக்கு ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை (AIC) அழைத்துவிடுங்கள். உணவூட்டும் மூக்குவழிக் குழாய் பொருத்துவது போன்றவற்றுக்குத் தாதிதான் வேண்டும், அதை முதலிலேயே சொல்லுங்கள்.

பெரும்பாலும் கோளாறு வருவது ஒப்படைப்பில்தான். “மருந்து மேசையில் இருக்கு” என்றால் போதாது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, விழுங்க எளிதாகத் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி எத்தனை கரண்டி, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது என்று ஒரே தாளில் எழுதுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு முறுக்கு ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விருந்தினர் அன்போடு ஊட்டிவிடுவார்கள். புதியவர் ஒருநாள் முன்னதாகவே வந்து, நீங்கள் குளிப்பாட்டும்போது கூட நிற்கட்டும்.

சில நாள் தாதிமை இல்லத்தில் தங்கவைப்பது அம்மாவை அங்கேயே விட்டுவிடுவதாகாது, வீடு திரும்பும் தேதியைப் பேசி முடித்த பிறகுதான் அவரைச் சேர்க்கிறீர்கள்.