கார்பன் பணம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் ஐந்து ஏக்கர் சாகுபடி செய்கிறேன். இரண்டு ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் கோயில் குத்தகை. வீட்டுக்காரர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. குத்தகை ரசீது இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. குறுவைக்கு போர் தண்ணீர். போன வாரம் ஒரு பையன் பைக்கில் வந்தான். வயலைக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் ஏக்கருக்கு வருடம் 8,000 ரூபாய் கார்பன் பணம் வரும், பதிவுக் கட்டணம் 1,500 என்றான். ஆதார் நகல் வாங்கிக்கொண்டான். கோயில் நிலத்துக்கு என் பெயரில் சிட்டா இல்லை என்றதும், "உரிமையாளர் நீங்கதான்னு எழுதிக் கொடுத்தா போதும்மா" என்கிறான். காயவிட்டால் மகசூல் விழாதா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். 1,500 ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆனால் அந்தப் பையன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உங்களுக்கு நன்றாகவே பயன்படும். அதைச் செய்ய யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

முதலில் மகசூல் பயம். நெல் நீர்ப்பயிர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். நிலத்துக்கு மேல் தண்ணீர் மறைந்துவிட்டால் பயிர் தாகத்தில் நிற்கிறது என்று மனசு பதறுகிறது. நன்றாகச் சேறடித்த களிமண் வயலில் மேல்தண்ணீர் வற்றிய பிறகும் வேர் இருக்கும் இடத்தில் ஈரம் பல நாள் நிற்கும். எவ்வளவு தூரம் வற்றலாம் என்பதற்குப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அளவு சொல்கிறது: மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே தண்ணீர் இறங்கும் வரை பயிருக்கு ஆபத்து இல்லை. அதற்குள் திரும்பப் பாய்ச்சினால் மகசூல் விழாது. பாசனத் தண்ணீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

அந்த 15 சென்டிமீட்டரைக் கண்ணால் பார்க்க ஒரு குழாய் போதும். வீடு கட்டும்போது மிஞ்சிய பிவிசி குழாய் இருக்கும். கை நுழையும் அகலத்தில், ஓர் அடி நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போடுங்கள். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் வயலின் சராசரி மட்டத்தில் உள்ள இடமாகப் பார்த்து, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக இறக்குங்கள். உள்ளே அடைத்துக்கொண்ட சேற்றைக் கையால் அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் கட்டியதும் குழாய்க்குள்ளும் வெளியிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. இந்தக் குழாயை வண்ணம் பூசி, பெயர் ஒட்டி, 'கருவி' என்று விலை சொல்லி விற்க வருவார்கள். வாங்காதீர்கள்.

நடவு முடிந்து 10 நாள் வரை வழக்கம்போலத் தண்ணீர் நிற்கட்டும். களை அதிகமாக இருக்கும் வயல் என்றால் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரை வற்றவிடுங்கள். தினமும் காலையில் குழாயை எட்டிப் பாருங்கள். உள்ளே அடிமண் தெரிந்த அன்று மோட்டார் போட்டு, ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். யூரியா போடும் நாளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்: காய்ந்த மண்ணில் தூவிவிட்டு உடனே பாய்ச்சினால் உரம் வேர் வரை இறங்கும். பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் காயவே விடக்கூடாது. அந்தச் சமயத்தில் காயவிட்டால் பதர்தான் மிஞ்சும். ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகத்தில் அந்த நாள் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இதைக் குறுவைக்குச் சொல்கிறேன். உங்கள் தண்ணீர் உங்கள் மோட்டாரில் இருக்கிறது, நினைத்தபோது போடலாம், நிறுத்தலாம். வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவருக்கு இதே அறிவுரையை நான் சொல்ல மாட்டேன். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில், அடுத்த முறை எப்போது என்று கரைக்காரருக்கே தெரியாத நிலையில், வந்த தண்ணீரை யார் வற்றவிடுவார்? தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்து என்று விவசாயிக்கு வகுப்பு எடுக்கிறவர்கள், இந்தத் தேதியில் இந்த மடைக்குத் தண்ணீர் வரும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். அதை மட்டும் செய்ய மாட்டார்கள்.

இப்போது பணம். தண்ணீர் நிற்கும் வயலில் காலை வைத்து அழுத்தினால் சேற்றிலிருந்து குமிழி குமிழியாக வருமே, அதில் மீத்தேன் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு. பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே போகிறது. வயல் இடையிடையே காய்ந்தால் மண்ணுக்குள் காற்றுப் புகுந்து மீத்தேன் குறையும். குறைந்த அளவைக் கரியமில வாயுவின் கணக்குக்கு மாற்றி, ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட் என்று விற்பதுதான் கார்பன் வியாபாரம். தொழில் உண்மையானது. மத்திய வேளாண் அமைச்சகமே 2024 ஜனவரியில் விவசாயக் கார்பன் சந்தைக்கு ஒரு வழிகாட்டுக் கட்டமைப்பை வெளியிட்டது.

ஆனால் 8,000 ரூபாய்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2019இல் தந்த தெற்காசியச் சராசரிப்படி, தொடர்ந்து தண்ணீர் நிற்கும் நெல் வயல் ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் விடுகிறது. ஏக்கருக்கு அது ஏறக்குறைய 340 கிராம். நடவு வயலில் 90 நாள் என்றால் 31 கிலோ. பலமுறை காயவிட்டால் அதில் 45 சதவீதம் குறையும், அதாவது 14 கிலோ. மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் என்று பெருக்கினால் சுமார் 390 கிலோ. அரை டன்கூட இல்லை. ஒரு கிரெடிட் ஆயிரம் ரூபாய்க்குப் போனதாகவே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஒரு பருவத்தில் 400 ரூபாய். அளப்பவர், சரிபார்ப்பவர், நிறுவனம், ஏஜெண்டு எல்லோரும் எடுத்தது போக உங்கள் கைக்கு வருவது என்ன? குறுவை, அதற்கடுத்த தாளடி என இரண்டு பருவத்தையும் சேர்த்தாலும் 8,000 எங்கிருந்து வரும்? வராத பணத்தைக் காட்டி 1,500 வாங்குவதுதான் அவர் தொழில்.

உண்மையான நிறுவனமே வந்தாலும் பணம் உடனே வராது. அளந்து, சரிபார்த்து, கிரெடிட் கொடுத்து, அது விற்று, அதற்கப்புறம்தான் விவசாயி. நடுவில் திட்டமே கவிழலாம். சர்வதேச அளவில் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெரா என்ற அமைப்பு, சீனாவில் ஏற்கெனவே பதிவான 37 நெல் திட்டங்களை 2024 ஆகஸ்டில் நிராகரித்துவிட்டது. அதனால் நான் பிடிவாதமாகச் சொல்லும் விதி இதுதான்: உங்களிடம் பணம் கேட்கும் கார்பன் திட்டம் எதுவும் உங்களுக்கான திட்டம் இல்லை. பதிவுக் கட்டணம், மண் பரிசோதனைக் கட்டணம், ஆப் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி.

ஒரு விவசாயி என்னிடம் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார். பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி. உள்ளே படித்தால், பல வருடத்துக்கு அந்த நிலத்தின் கார்பன் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு. நடுவில் விலகினால் நஷ்டஈடு விவசாயி தலையில். தகராறு வந்தால் வழக்கு வேறு மாநில நகரத்தில். பங்கு எவ்வளவு என்ற இடம் வெறுமையாக இருந்தது. "கேட்டேன் சார், அப்புறம் ஃபில் பண்ணிக்கலாம்னாங்க" என்றார். தமிழில் எழுதித் தராத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் தந்தாலும் நகலை வாங்கி ஒரு வாரம் வீட்டில் வையுங்கள். அவசரப்படுத்தினால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை அந்த மூன்று ஏக்கர். நில உரிமையாளர் கோயில். அதை உங்கள் நிலம் என்று எழுதிக் கொடுத்தால், கார்பன் பணம் வருகிறதோ இல்லையோ, பொய்யாக உறுதிமொழி கொடுத்த தாள் ஒன்று யாரோ ஒருவர் கையில் இருக்கும். நாளைக்குக் கோயில் நிர்வாகத்தோடு ஏதாவது பிணக்கு வந்தால், 'குத்தகை நிலத்தைச் சொந்தம் கொண்டாடினார்' என்பதற்கு நீங்களே கொடுத்த சாட்சியாக அது நிற்கும். உங்கள் வீட்டுக்காரர் உழுத நிலத்தை 400 ரூபாய்க்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

இதைவிட அவசரம், ரசீதில் பெயர் மாற்றுவது. 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உடலுழைப்பைப் போட்டு நிலத்தைத் தொடரும் வாரிசையும் சாகுபடிக் குத்தகைதாரராகவே பார்க்கிறது. வீட்டுக்காரரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய குத்தகை ரசீதுகள், நீங்கள்தான் சாகுபடி செய்கிறீர்கள் என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் இவற்றோடு கோயில் செயல் அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்த் துறை வைத்திருக்கும் குத்தகைப் பதிவேட்டில் வீட்டுக்காரர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். டெல்டாவில் குத்தகையில் உழுபவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு தாளும் இல்லை. பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் சிட்டா கேட்டே பழகிய ஆபீசுகள், வயலில் யார் நிற்கிறார் என்று பார்க்கக் கற்கவில்லை. அந்தக் குறையைத்தான் இந்தப் பையன்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள்.

வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுவதால் கொசுவும் குறையும். மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயல் தண்ணீரில் வளர்வது. நம் நாட்டில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் மனிதரிடம் கண்டறியப்பட்டது 1955இல் வேலூர்ப் பக்கம்தான். வயல் காய்ந்தால் புழு கொசுவாகும் முன்பே சாகும்.

மோட்டார் ஓடும் நேரமும் குறையும். இலவச மின்சாரம் என்பதால் அது உங்கள் பில்லில் தெரியாது, ஆனால் போர் தண்ணீர் வருடா வருடம் கீழே போவது உங்கள் கண்ணுக்குத் தெரியும். இதையெல்லாம் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஆடுதுறையில், 1922 முதல் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நேரில் கேட்கலாம். அப்படி இருந்தும் உங்களுக்கு இதை முதலில் சொன்னவர் கட்டணம் கேட்டு வந்த பையன் என்பது எனக்கு ஆறவில்லை.

ஆதார் நகல் கொடுத்துவிட்டீர்கள். ஓடிபி எண் எதையும் சொல்லாதீர்கள், கருவியில் கைரேகை வைக்காதீர்கள். ஆதார் உதவி எண் 1947க்குப் போன் செய்து கைரேகையைப் பூட்டி வைப்பது எப்படி என்று கேளுங்கள். வங்கியில் பணம் குறைந்தால் அன்றே இணைய மோசடிப் புகார் எண் 1930க்குச் சொல்லுங்கள்.

ஐந்து ஏக்கரிலும் ஒரே வருடத்தில் காயவிட வேண்டாம். சொந்த நிலத்தில் ஒரு மா, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கரை மட்டும் இந்தக் குறுவைக்கு எடுத்துக்கொண்டு, மோட்டார் போட்ட தேதியையும் நேரத்தையும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதிவாருங்கள். வழக்கம்போலத் தண்ணீர் கட்டும் பக்கத்து மாவுக்கும் அதே போல எழுதுங்கள். அறுவடையன்று இரண்டையும் தனித்தனியாக மூட்டை கட்டி எடை போடுங்கள்.