மருந்தியலா, நடிப்பா? ஹாரோவில் வாழும் ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் பாதி கோபம், பாதி பயம். மகள் ஏ லெவலில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு) வேதியியலும் உயிரியலும் எடுத்தவள். மருந்தியல் படிக்கப் போகிறாள் என்று உறவினர் எல்லோரிடமும் சொல்லியும் விட்டீர்கள். இப்போது அவள் நடிப்புப் பள்ளி என்கிறாள். "ஹாலிவுட்டில் இன்று எங்கள் நிறத்தவர்களைத் தேடித் தேடி எடுக்கிறார்கள்" என்கிறாளாம். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நடிகர் தேவ் படேல் ரெய்னர்ஸ் லேனில் வளர்ந்தவர். பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து அவருடைய அம்மாதான் நடிகர் தேர்வுக்குக் கூட்டிப்போனார். மறுநாள் பையனுக்கு அறிவியல் தேர்வு. அந்தத் தேர்வில் கிடைத்த 'ஸ்கின்ஸ்' தொலைக்காட்சித் தொடர் 2007இல் வந்தது, மறுவருடமே 'ஸ்லம்டாக் மில்லியனர்'. உங்கள் மகள் இந்தக் கதையைச் சொன்னால் நம்புங்கள், ஆனால் திட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிர்ஷ்டச் சீட்டில் பரிசு விழுந்தவரிடம் யாரும் சேமிப்புக்கு வழி கேட்பதில்லை.

வெம்ப்ளியில் பிறந்த நடிகர் ரிஸ் அஹ்மதின் பாதைதான் பாடம். ஆக்ஸ்ஃபோர்டில் அரசியலும் தத்துவமும் பொருளியலும் படித்தார், பிறகு லண்டனின் சென்ட்ரல் பள்ளியில் நடிப்புப் பயின்றார். 2006இல் வந்த முதல் படத்தில் குவாண்டனாமோ சிறைக் கைதி. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 'ரோக் ஒன்' படத்தில் விண்கல விமானியாக நடித்தது 2016இல். நடுவில் பத்து வருடங்கள்! வெள்ளையரல்லாத நடிகனுக்கு மூன்று கட்டங்கள் உண்டு என்று அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். முதலில் பயங்கரவாதி, டாக்சி ஓட்டுநர், மூலைக்கடைக்காரர். அடுத்து, அந்த அச்சை உடைக்கும், ஆனால் இனம் என்ற அதே வட்டத்துக்குள் சுற்றும் பாத்திரங்கள். கடைசியில், பிறப்பைப் பற்றிய பேச்சே இல்லாத பாத்திரம். மகள் எந்தக் கட்டத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறாள் என்று கேளுங்கள். அநேகமாக மூன்றாவதாக இருக்கும்.

பிரிட்டிஷ் நடிகர்களை ஹாலிவுட் ஏன் எடுக்கிறது? நிறம் அதில் ஒரு காரணம் மட்டுமே. பெரிய படங்கள் பலவற்றை லண்டனுக்கு மேற்கே பைன்வுட்டிலும் வடக்கே லீவ்ஸ்டனிலும் உள்ள படப்பிடிப்புத் தளங்களில் எடுக்கிறார்கள், பிரிட்டிஷ் அரசின் வரிச் சலுகைக்காக. புதிய 'ஸ்டார் வார்ஸ்' முத்தொகுதியின் முதல் படத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்த நீனா கோல்ட் லண்டன்காரர். மேடைப் பயிற்சி பெற்றவர்கள், அமெரிக்க உச்சரிப்பு பழகியவர்கள் இங்கே நிறைய. இன்னொரு பக்கம், பழைய இங்கிலாந்தைக் காட்டும் நாடகங்களே அதிகமாக எடுக்கப்படும் நாட்டில், வெள்ளையரல்லாத நடிகர்களுக்குக் கிடைப்பது சொற்பம். ராயல் ஷேக்ஸ்பியர் குழுவில் ஆறாம் ஹென்றி மன்னராக நடித்த கறுப்பின நடிகர் டேவிட் ஒயெலொவோ 2007இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார், பிறகு திரையில் மார்ட்டின் லூதர் கிங் ஆனார். அமெரிக்கக் கறுப்பின நடிகர்களுக்கு இதில் வருத்தமும் உண்டு. எங்கள் கதையை எங்களைக் கொண்டு எடுக்கக் கூடாதா என்ற பொருளில் சாமுவேல் எல். ஜாக்சன் 2017இல் வெளிப்படையாகவே பேசினார்.

பலதரப்பட்டவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்ற ஆஸ்கார் விதி தனக்குச் சாதகம் என்று மகள் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். 2024 விழாவிலிருந்து சிறந்த படத்துக்கான விருதுக்கு மட்டும், நான்கு நிபந்தனைகளில் இரண்டை நிறைவேற்ற வேண்டும். அவற்றில் ஒன்றுதான் திரையில் தெரிபவர்களைப் பற்றியது. மற்றவை படைப்புக் குழு, பயிற்சி வாய்ப்பு, விளம்பரப் பிரிவு பற்றியவை. திரையில் ஒரு மாற்றமும் செய்யாமலே ஒரு படம் தேறிவிடலாம். அந்த விதியை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வாய்ப்புக் கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. லண்டனின் பெக்கமில் வளர்ந்த கறுப்பின நடிகர் ஜான் போயேகா சிறுவயதிலேயே உள்ளூர் நாடக அரங்கில் பயின்றார், பிறகு ஹாக்னியில் ஒரு பகுதிநேர நடிப்புப் பள்ளி. 2015இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் முன்னணிப் பாத்திரம். அப்போதே சீனாவில் வெளியான சுவரொட்டியில் அவர் உருவம் சுருங்கியிருந்தது பேச்சானது. கறுப்பினப் பாத்திரங்களைப் பெரிதாக விளம்பரம் செய்துவிட்டுப் பிறகு ஓரம் கட்டாதீர்கள் என்று 2020இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். நடிகரை 'எடுத்துக்கொண்டார்கள்' என்பதும் அவருக்கு நல்ல பாத்திரம் 'எழுதினார்கள்' என்பதும் ஒன்றல்ல.

நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'பிரிட்ஜர்டன்' தொடரின் 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் அக்கா தங்கையாக வந்தார்கள். அப்பாவை 'அப்பா' என்றார்கள், அக்காவை இந்தியில் 'தீதீ' என்றார்கள், தங்கையை வங்காளியில் 'போன்' என்றார்கள்! என் வீட்டில் சிரித்தே களைத்துவிட்டோம். கதவு திறந்திருக்கிறது, ஆனால் திறந்தவர்களுக்கு நம் வீட்டு முறைப்பெயர் தெரியாது. சிமோன் மறுவருடம் டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் கடற்கன்னியின் சகோதரிகளில் ஒருவராக வந்தார். சிறிய பாத்திரம்தான்.

இனிக் காரியத்துக்கு வருவோம். நடிப்பில் மூன்றாண்டுப் பட்டம் தரும் பள்ளிகள் பலவற்றில் கட்டணம் மற்றப் பல்கலைக்கழகங்களைப் போலத்தான். 2025-26இல் இங்கிலாந்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டாக இருந்தது, மாணவர் கடனும் உண்டு. நான்காண்டு மருந்தியலைவிடக் கடன் குறைவாகக்கூட முடியலாம். அதிகம் வாங்கும் தனியார் பள்ளிகளும் உண்டு, கடன் கிடைக்காத ஓராண்டு அடிப்படைப் படிப்புகளும் உண்டு. கையெழுத்திடுமுன் இந்த இரண்டையும் விசாரியுங்கள். லண்டனின் புகழ்பெற்ற நடிப்புப் பள்ளியான ராடா போன்ற ஒன்று ஆண்டுக்கு முப்பது பேரளவில்தான் எடுக்கும். ஏ லெவல் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது, முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் பேசிக்காட்ட, பொதுவாக ஷேக்ஸ்பியர் காலத்து வசனம் ஒன்று, இக்காலத்து வசனம் ஒன்று வேண்டும். முதல் வருடம் நிராகரித்தால் மறுவருடமும் போகலாம், பலர் அப்படித்தான் நுழைகிறார்கள்.

"முதலில் மருந்தியல், பிறகு எதுவானாலும்" என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டத்தை முதலில் முடித்தவர்கள் உண்டு: நடிகை ஜெம்மா சான் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து, சட்ட நிறுவனம் ஒன்று தந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி நடிப்புப் பள்ளிக்குப் போனார். ஆனால் மருந்தியலில் ஆய்வகமும் பயிற்சிப் பணியும் மாலைகளையும் தின்றுவிடும். இரண்டு வழியும் வேண்டுமென்றால் ஆங்கிலமோ சட்டமோ படித்துக்கொண்டு பல்கலைக்கழக நாடகக் குழுவில் சேரட்டும், பிறகு ஓராண்டு முதுகலை நடிப்புப் படிப்பு இருக்கிறது.

முன்பணம் கேட்கும் முகவர் எவரிடமும் போகாதீர்கள். என்னிடம் வந்த ஒரு தாய் மகனின் புகைப்படத் தொகுப்புக்கென்று ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து ஏமாந்திருந்தார். உண்மையான முகவர் சம்பளத்தில் ஒரு பங்கை எடுப்பார், அதற்கு முதலில் சம்பளம் வர வேண்டும். அமெரிக்காவில் வேலை செய்ய விசாவும், விசாவுக்கு இங்கே சேர்த்த பெயரும் வேண்டும். ஆகவே முதல் ஐந்து வருடம் மேடை, தொலைக்காட்சி, இடையிடையே கடையிலோ காபிக்கூடத்திலோ வேலை. அந்த வாழ்க்கையை அவள் ஏற்கிறாளா என்று கேளுங்கள். ஹாலிவுட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். முதல் தேர்வுக்கு அவளை நீங்களே கூட்டிப்போங்கள். வெளியே நெடுநேரம் காத்திருக்க வேண்டி வரும். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது.