‘ஹீட்ஸ்’ என்றால் உடம்பைச் சூடாக்குவதா?

கேள்வி: மகள் தரம் 7 படிக்கிறாள். ‘நாளை காலை 7.30க்கு 100 மீட்டர் ஹீட்ஸ்’ என்று பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. உடம்பைச் சூடாக்கும் பயிற்சிதானே என்று நினைத்து எட்டு மணிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டமே முடிந்துவிட்டது! ஹீட்ஸ் என்றால் என்ன? தமிழில் எப்படி எழுதுவது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் நினைத்தது பிழைதான். ஆனால் நானூறு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பந்தயத்துக்கு முன் குதிரையின் உடம்பு சூடேற அதை ஒரு தரம் ஓடவிடுவார்கள். அதற்குத்தான் ஹீட் என்று பெயர். அடுத்த நூற்றாண்டில் பந்தய ஓட்டத்தையே ஹீட் என்றார்கள். ஒரே குதிரைகள் ஒரே நாளில் இரண்டு மூன்று ஹீட் ஓடும். நடுவில் வியர்வையைத் துடைத்துவிடக் கொஞ்ச நேரம். இரண்டு குதிரை ஒன்றாகக் கோட்டைத் தாண்டினால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை, ‘டெட் ஹீட்’. ஆட்களைக் கூறுபோட்டு ஓடவிட்டு வடிகட்டுவது பின்னால் வந்த வழக்கம். (கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்ஸில் இப்போது ரக்பி ஆடுகிறார்கள். குதிரையின் சொல் நம் பிள்ளைகளிடம் வந்துவிட்டது.)

இன்றைய கணக்கு இது. ஓடுபாதை எட்டு, பெயர் கொடுத்த பிள்ளைகள் முப்பது. 8, 8, 7, 7 என்று நாலு ஓட்டம் வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் இருவரை இறுதிக்கு எடுப்பார்கள். ஒவ்வோர் ஓட்டமும் ஒரு ஹீட். பெரிய போட்டிகளில் நேரத்தையும் பார்ப்பார்கள்: பெறுபேற்றில் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்து ‘கியூ’ (Q) இருந்தால் இடத்தால் தெரிவு, சிறிய எழுத்து ‘கியூ’ (q) என்றால் நேரத்தால் தெரிவு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பதக்கத்துக்குச் சுசந்திகா ஜயசிங்க நாலு தரம் ஓட வேண்டியிருந்தது. அதில் முதலாவதுதான் ஹீட்.

தமிழில் ‘வெப்பச் சுற்று’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது இயந்திரம் செய்த வேலை. பத்திரிகைகள் ‘தகுதிகாண் சுற்று’ என்கின்றன. உலகக் கிண்ணத்துக்குள் நுழைய ஆடுவதும் தகுதிகாண்தான் என்பதால் எனக்கு அது அவ்வளவு பிடிப்பதில்லை. ‘முதற்சுற்று, 3ஆம் ஓட்டம்’ என்றால் எவருக்கும் விளங்கும்.

நீங்கள் நினைத்த அந்தப் பயிற்சி ஹீட்ஸுக்கும் முன்னால் செய்வது. 7.30க்கு ஓட்டமென்றால் 6.45க்கே பிள்ளை மைதானத்தில் நிற்க வேண்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் கூடாரமும் பாண்ட் வாத்தியமும் வருகிற நாளுக்குச் சில நாள் முன்பே ஹீட்ஸ் முடிந்துவிடுவதும் வழக்கம். பெற்றோருக்கு அழைப்பிதழ் வராது.

மகளுக்கு 100 மீட்டர் போனது போனதுதான். அஞ்சலோட்டக் குழுவைச் சில இல்லங்கள் தனியாகத் தெரிவு செய்யும். இல்லப் பொறுப்பாசிரியரிடம் நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.