திரை 2 மெகாபிக்சல், கேமரா 12 மெகாபிக்சல்: கேள்வி-பதில்

கேள்வி: என் மானிட்டர் 1920 × 1080. கேமரா கணக்கில் இது எத்தனை மெகாபிக்சல்?

பதில்: இரண்டையும் பெருக்குங்கள். 20,73,600 பிக்சல் வரும். மெகா என்றால் 10 லட்சம். ஆக, 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 4கே என்று விற்கப்படும் 3840 × 2160 திரையும் 8.3 மெகாபிக்சல்தான்.

கேள்வி: திரை 2 மெகாபிக்சல்தான் என்றால், என் 12 மெகாபிக்சல் கேமரா வீண்தானே?

பதில்: வீணே இல்லை. 4000 × 3000 படம் உங்கள் திரையின் உயரத்துக்குள் அடங்க, 1440 × 1080 ஆகச் சுருங்குகிறது. ஏறக்குறைய எட்டுப் பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகிவிடுகின்றன. சின்னச் சின்னப் பிழைகள் இந்தச் சுருக்கத்தில் மறைந்துபோகும். ஊஞ்சலாடும் குழந்தையின் படம் ஒன்றை இப்படித் திரையில் பார்த்து மகிழ்ந்திருந்தேன். அச்சுக்கு அனுப்பும் முன் 100 சதவீதத்துக்கு, அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும்படி, பெரிதாக்கினால், ஃபோகஸ் விழுந்திருந்தது கண்களில் அல்ல, ஊஞ்சல் சங்கிலியில்! அன்றிலிருந்து 100 சதவீதத்தில் பார்க்காமல் எந்தப் படத்தையும் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

அச்சில்தான் அந்த 12 மெகாபிக்சலின் அருமை தெரியும். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் சுமார் 13 × 10 அங்குலப் படம் கிடைக்கும். அதைவிடச் சிறிய அச்சு போதும் என்றால், ஓரங்களை வெட்டி எடுக்கவும் தாராளமாக இடமிருக்கும்.

கேள்வி: கேமராவின் பின்பக்கத் திரைக்கு 10.4 லட்சம் புள்ளிகள் என்கிறார்கள். அது 1 மெகாபிக்சலா?

பதில்: இல்லை. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அத்தகைய திரை பெரும்பாலும் 720 × 480, அதாவது 3,45,600 பிக்சல்தான். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள் உண்டு. அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் 10,36,800.

கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் கதை வேறு. பெரும்பாலான சென்சார்களின் மேல் இருப்பது, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி. அதில் பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ஒரு கட்டம் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களிலிருந்து கேமரா கணக்கிட்டு நிரப்புகிறது. திரையின் பிக்சலோ மூன்று நிறங்களையும் தானே காட்டுகிறது. பெரிய படத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது அது கூர்மையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இணையத்தில் போடும் படத்தை 72 டிபிஐக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும், அச்சுக்கான குறிப்பு. திரைக்கு அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் என்பதே கணக்கு.

கேள்வி: 12இலிருந்து 24 மெகாபிக்சலுக்கு மாறினால் நுணுக்கம் இருமடங்காகுமா?

பதில்: ஆகாது. அகலமும் உயரமும் சுமார் 1.4 மடங்குதான் கூடும்; இரண்டும் இருமடங்காக 48 மெகாபிக்சல் வேண்டும். லென்ஸ் சுமாராக இருந்தாலோ கை நடுங்கினாலோ அதிலும் பெரிய பலன் இராது. என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் முதலில் நல்ல லென்ஸ் வாங்குங்கள்.