உடல்வழி மனச்சிகிச்சை என்றால் என்ன? மன அழுத்தத்தால் பெண்களுக்கு வரும் உடல்வலிக்கு அது உதவுமா?

பேச்சோடு நின்றுவிடாமல் மூச்சு, தசை இறுக்கம், அசைவு ஆகியவற்றையும் கவனித்துச் செய்யும் மனநலச் சிகிச்சை இது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டிடம் பயின்ற வில்ஹெல்ம் ரைஹ் 1930களில் இதற்கு அடித்தளம் இட்டார். அவருடைய பிற்காலக் கருத்துகளை அறிவியல் ஏற்கவில்லை; அது வேறு கதை.

கவலையோ பயமோ வந்தால் உடல் அட்ரினலின், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கும். தசை இறுகும், மூச்சு மேலோட்டமாகும், செரிமானம் மந்தமாகும். ஆபத்து நீங்கினால் எல்லாம் தணிய வேண்டும். கவலை ஓயாவிட்டால் தணியாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும்: திருடன் ஓடிய பிறகும் அலறிக்கொண்டிருக்கும் வீட்டு அலாரம் மாதிரி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வேலைக்கும் போய், மாமியாரையும் பிள்ளைகளையும் கவனிக்கும் பெண்ணுக்கு அது தலைவலியாக, தோள்வலியாக, வயிற்றுக் கோளாறாக வெளிப்படலாம். கேட்டால் "ஒன்னுமில்ல, களைப்புதான்" என்பார்கள் நம் வீட்டுப் பெண்கள்.

சிகிச்சையாளர், "இதைச் சொல்லும்போது உடம்பில் எங்கே இறுகுகிறது?" என்று கேட்பார். மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடப் பழக்குவார். அப்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். இந்தச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது, ஆனால் ஆய்வுகள் இன்னும் குறைவு. முதலில் மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்கு மாரடைப்பே தாடை வலியாக, மூச்சுத் திணறலாக வரலாம். உளவியலாளர் தென்னாப்பிரிக்காவின் மருத்துவத் தொழிலர்களைப் பதிவு செய்யும் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் வலி கற்பனையா?" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இறுகிய தசையின் வலி நிஜமான வலிதான்.