டீச்சர் பதில்கள்: சிறைக்குள் கணினி வகுப்பு

பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு மத்தியச் சிறையில் சனிக்கிழமைதோறும் கணினி வகுப்பு எடுத்தேன் என்று போன மாதம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பதினொரு கடிதம் வந்துவிட்டது. சரி, இந்த முறை அவற்றில் நாலு கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். எங்கள் மாவட்டச் சிறையில் ஆறு மாதம் இலவச வகுப்பு எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். பழைய கணினி எட்டு இருக்கிறதாம், இணையம் கிடையாதாம். பைத்தான் நிரல் மொழி சொல்லித்தர ஆசை. சரிப்பட்டு வருமா டீச்சர்? – வாசகி, திருவாரூர் மாவட்டம்

கட்டாயம் போங்கள். ஆனால் 'ஆறு மாதம்' என்பதை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். மாவட்டச் சிறையில் உங்கள் முன்னால் உட்காரப்போகிறவர்கள் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் அப்படி வழக்கு முடியாமல் இருந்தவர்கள். இன்று முதல் வரிசையில் இருக்கிறவருக்கு நாளை ஜாமீன் வரும். வரட்டும் என்றுதான் நாமும் நினைப்போம், பாடம் மட்டும் பாதியில் நிற்கும். என் வகுப்பில் ஒரு பையன் எக்செல்லில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தான். வார்டர் வந்து பெயரைச் சொன்னார். கை மவுஸில் இருந்தது, அடுத்த நிமிடம் ஆளில்லை. கூட்டுத்தொகை வர வேண்டிய கட்டம் காலியாகவே கிடந்தது.

முதல் வருடம் நான் செய்த தப்பு, ஐடிஐயில் இருபத்தேழு வருடம் நடத்திய பாடத்திட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. தொடங்கியவர்களில் கால்வாசிப் பேர்கூடக் கடைசிவரை இல்லை. இரண்டாம் வருடம், காலையில் தொடங்கி மாலையில் கைதிகளை எண்ணுவதற்கு முன்னால் முடிகிற வேலையாகப் பார்த்துக் கொடுத்தேன். முதல் வாரம், ஒரு மனுவைத் தமிழில் தட்டச்சு செய்து அச்செடுப்பது. உள்ளே எல்லாருக்கும் மனு எழுதத் தெரியும், அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை! அடுத்த வாரம் மளிகைக் கடை பில். அப்புறம் கல்யாணப் பத்திரிகை. ஒரே சனிக்கிழமையில் விடுதலையாகிப் போனவர்கூட ஒரு வேலை தெரிந்துகொண்டு போனார்.

விசைப்பலகையில் தமிழ் எழுத்து இருக்காது. தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பை அட்டையில் வரைந்து ஒட்டினேன். உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் வலது கைப்பக்கம் என்று ஒழுங்காகப் பிரிந்திருப்பதால், அதுவரை விசைப்பலகையைத் தொடாதவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஆங்கிலத்தில் தட்டியவர்கள்தான் திணறினார்கள். பென்டிரைவ் வாசலோடு சரி. தேவையான மென்பொருளை எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி ஏற்றிவிடுங்கள். மவுஸை எண்ணிக் கொடுப்பார்கள், எண்ணி வாங்குவார்கள். அதற்காக முகம் சுளிக்காதீர்கள்.

இனி பைத்தான். இணையம் இல்லாமல் நிரல் எழுதக் கற்றுத்தர முடியும். கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2010-ல் அங்கே 'தி லாஸ்ட் மைல்' அமைப்பைத் தொடங்கியது, புதிய நிறுவனங்களில் முதலீடு செய்துவந்த ஒரு தம்பதி. 2014-ல் நிரல் வகுப்பு வந்தது. வலைத்தளம் செய்யத் தேவையான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இணையத் தொடர்பு இல்லாத கணினிகளில்தான். பிறகு சிறைக்குள்ளேயே ஒரு மென்பொருள் பட்டறை வைத்து, வெளி நிறுவனங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுத்தார்கள். 2018-ல் ஸ்லாக் என்ற மென்பொருள் நிறுவனம் வெளியே வந்தவர்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கி, முதலில் சேர்ந்த மூன்று பேரையும் மறு வருடம் முழுநேர வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இதைப் படித்ததும் எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அங்கே நீண்ட தண்டனைக்காரர்கள், உட்கார்ந்து படிக்க வருடக்கணக்கில் நேரம். மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சான் பிரான்சிஸ்கோவும் பக்கத்திலேயே. உங்கள் மாணவர் வெளியே வந்து நிற்கப்போவது திருவாரூர் கடைத்தெருவில். அந்தத் தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை, செல்போன் ரிப்பேர், கேமரா மாட்டுகிறவர் என்று பத்து இடத்தில், "என்ன தெரிந்த ஆள் கிடைத்தால் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பத்துப் பதிலையும் ஒரு தாளில் எழுதினால் அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

அதையும் மீறி ஒருத்தருக்கு நிரலில் ஆசை இருந்தால் விடாதீர்கள். என்னிடம் ஒருத்தர் இருந்தார். வாரம் முழுக்க நாற்பது பக்க நோட்டில் நிரல் எழுதி, ஒவ்வொரு வரியையும் விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கொண்டுவந்து தட்டுவார். என் ஐடிஐ பிள்ளைகளைவிடப் பிழை குறைவு. அவர்களுக்குத் தப்பு செய்து பார்க்கக் கணினி இருந்தது, இவருக்கு நோட்டு மட்டும்தான்.

கேள்வி: திருடனுக்குக் கணினி சொல்லித் தந்தால் நாளைக்கு என் வங்கிக் கணக்கில் கை வைக்க மாட்டானா? அதுவும் என் வரிப்பணத்தில்! – வாசகர், ஈரோடு

வேர்டில் ஓரம் சரிசெய்யத் தெரிந்தவரால் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாது ஐயா. வரிப்பணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறையில் படித்தவர்களில், படிக்காதவர்களைவிட நூற்றுக்குப் பதின்மூன்று பேர் குறைவாகத் திரும்ப உள்ளே வந்தார்கள். படிப்புக்குப் போட்ட ஒரு டாலர், மூன்று வருடத்தில் நாலைந்து டாலர் சிறைச் செலவை மிச்சம் பிடித்ததாம். அந்த ஊர்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஈரோட்டுக்காரருக்கு லாபக் கணக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லையே.

கேள்வி: பின்லாந்துச் சிறைகளில் கைதிகள் செயற்கை நுண்ணறிவு வேலை பார்க்கிறார்களாமே. இங்கேயும் கொண்டுவரலாமா? – மாணவர், நாகர்கோவில்

உண்மைதான். கட்டுமானத்தைப் பற்றிய ஒரு துண்டுச் செய்தியைப் படித்து, அதைப் பற்றிக் கேட்கிற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் கணினியைப் பழக்குகிறார்கள். ஃபின்னிஷ் மொழிக்கு வெளிநாட்டில் மலிவான ஆள் கிடைக்காததால் நிறுவனத்தார் சிறைக்குள் வந்தார்கள். கூலி, 2023-ல் மணிக்கு 1.54 யூரோ. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சும்மா இருப்பதற்கு மேல். ஆனால் நாள் முழுக்க ஆமாம், இல்லை என்று அழுத்துவது கைத்தொழில் ஆகுமா? நாளைக்குத் தமிழுக்கும் யாராவது இப்படி வந்தால், முதலில் கூலியைக் கேளுங்கள். அடுத்து, இதே வேலைக்கு வெளியே யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: என் தம்பி மூன்று வருடம் உள்ளே இருந்தான். அங்கேயே கணினி டிப்ளமா முடித்தான். வெளியே வந்து ஏழு மாதமாகிறது. போகிற இடமெல்லாம் "இந்த மூணு வருஷம் எங்கே இருந்தீங்க?" என்கிறார்கள். வெளிநாட்டில் இருந்ததாகச் சொல்லச் சொல்கிறார் எங்கள் மாமா. சொல்லலாமா? – பெயர் வேண்டாம்

வேண்டவே வேண்டாம். மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறிக்கக் காரணமாகிவிடும். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் அரசு வேலைக்கு இதைத்தான் சொன்னது. சின்ன வழக்கு என்றால் மன்னித்து விடலாம் என்றும் சொல்லியிருக்கிறது. தனியார் வேலைக்கும் புத்தி அதுதான். தம்பி குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டவரா, தண்டனை முடித்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. விடுவிக்கப்பட்டவர் என்றால் தீர்ப்பின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பின்புலம் விசாரிக்கிற பெரிய நிறுவனங்களை இப்போதைக்கு விடுங்கள். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். என்னிடம் படித்தவர் ஒருத்தர் நீதிமன்றத்துக்கு எதிரே டிடிபி கடையில் இருக்கிறார். முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார். முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நாளைக்கு வா என்றாராம். ஒரு வருடம் கல்லாப்பெட்டிப் பக்கம் விடவில்லை. இப்போது வக்கீல்கள் இவரைத்தான் தேடுகிறார்கள், மனுவின் வாசகம் எல்லாம் மனப்பாடம்.

இன்னொன்று. மூன்று வருடம் தம்பி கையில் போன் இல்லை. டிப்ளமா வாங்கியவர், வெளியே வந்ததும் டீக்கடையில் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்கத் தெரியாமல் கூசி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நேர்காணலுக்கு முன்னால் அதையும் வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்புவதையும் நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். மாமாவிடம் விடாதீர்கள்.