வேலையை விட்டுவிட்டு போக்கர் டோர்னமென்ட் ஆடப் போகலாமா?

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடமாக ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறேன். கணக்கு லாபத்தில்தான் இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் கோடிக்கணக்கில் வென்றதாகப் பட்டியல்களில் பார்க்கிறேன். வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

அந்தப் பட்டியல்களில் இருப்பது பரிசுத்தொகை, வருமானம் அல்ல. ஆடுவதற்குக் கட்டிய பை-இன்களை (நுழைவுக் கட்டணங்களை) அவை கழிப்பதே இல்லை. தன் வரவு செலவை வெளிப்படையாகச் சொல்லும் பிரபல போக்கர் ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு, 2017-இல் ஏறக்குறைய 28 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். பை-இன்களைக் கழித்தால் அந்த வருடம் அவருக்கு நஷ்டம்!

பரிசு பிரிக்கும் முறைதான் காரணம். பெரும்பாலான டோர்னமென்ட்டுகளில் 100 பேர் ஆடினால் 15 பேருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். அவர்களிலும் பலருக்குக் கட்டியதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்குதான். உண்மையான பணம் கடைசிவரை மிஞ்சும் சிலர் ஆடும் கடைசி மேஜையில், அதிலும் முதல் சில இடங்களில். அதனால் நன்றாக ஆடுபவர்கூட மாதக்கணக்கில் நஷ்டத்தில் ஓடுவது சகஜம். ஆட்களும் பெருகிவிட்டார்கள். 2003 உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட்டில் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றபோது ஆடியவர்கள் 839 பேர். 2023-இல் 10,043 பேர்.

உங்கள் லாபத்துக்கு வருவோம். 'மிகப் பெரிய வெற்றியை நீக்கிவிட்டுப் பார்' என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆட்டத்தில் யாருக்குமே லாபம் சில பெரிய வெற்றிகளிலிருந்துதான் வரும். எத்தனை டோர்னமென்ட் ஆடினீர்கள் என்பதே கேள்வி. சில நூறு என்றால் அந்தக் கணக்கு எதையும் நிரூபிக்காது. சில ஆயிரம் ஆடியும் லாபம் நிற்கிறதென்றால் மேற்கொண்டு பேசலாம்.

நேரில் ஆடப்போவதாக இருந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். வருடத்துக்கு 50 டோர்னமென்ட், ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர். முதலுக்கு 20 சதவீத லாபம் என்று வைத்தாலும் (நல்ல ஆட்டக்காரருக்கே இது கௌரவமான அளவு) கையில் நிற்பது 10,000 டாலர். விமானமும் ஹோட்டலும் அதைத் தின்றுவிடும். ஆன்லைனில் சின்ன பை-இன்களில் நிறைய ஆடுவது, பார்க்க மந்தமாக இருந்தாலும், தொடங்குபவருக்கு அதுதான் வழி.

பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்கென்றே ஒதுக்கும் பணம், குறைந்தது 100 பை-இன். ஆயிரக்கணக்கானோர் மோதும் ஆட்டம் என்றால் 200-க்கும் மேல். வீட்டுச் செலவுக்கு ஒரு வருடப் பணம் தனியாக இருக்கட்டும், அதைத் தொடவே கூடாது.

பை-இன்னை வேறொருவர் போட்டு வெற்றியில் பங்கு கேட்கும் ஸ்டேக்கிங்கும் உண்டு. இதில் 'மேக்கப்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள்: முந்தைய நஷ்டம் முழுக்க அடைபட்ட பிறகுதான் உங்களுக்குப் பங்கு. எதையும் எழுத்தில் வாங்குங்கள். 2006 மெயின் ஈவென்ட்டில் 1.2 கோடி டாலர் வென்ற ஜேமி கோல்டு, பாதியைத் தருவதாக வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்டார் என்று ஒருவர் நீதிமன்றம் போனார். கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

அப்புறம், உங்கள் ஊர்ச் சட்டம் பணம் வைத்து ஆட அனுமதிக்கிறதா, வரி பரிசுக்கா லாபத்துக்கா என்பதை ஒரு கணக்காளரிடம் முதலில் கேளுங்கள். ரீ-என்ட்ரி (தோற்றபின் மறுபடி பணம் கட்டி நுழைவது) உட்பட ஒவ்வொரு செலவையும் இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். கணக்காளர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.